ஒரு கம்பி, இரு வழி

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், காணையைக் கடந்து சென்றால், கண்டாச்சிபுரம் என்னும் ஊர் வரும். பாறைக் குன்றுகளும் ஏரிகளும் சூழ்ந்த ஊர் அது. அதன் தெருக்களில் நின்று அண்ணாந்து பார்த்தால், கம்பங்களை ஒட்டிக் கரிய கம்பிகள் சில தொங்கி ஓடுவதைக் காணலாம். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் இன்று காணக்கூடிய காட்சிதான். அக்கம்பிகளுள் ஒன்று கிளை பிரிந்து ஒரு வீட்டுக்குள் நுழைகின்றது. சுவரில் மாட்டிய கையகலப் பெட்டி ஒன்றில் முடிகின்றது. அப்பெட்டியிலிருந்து ஒரு கம்பி தொலைக்காட்சிக்குச் செல்கின்றது. அதே பெட்டி இணையத்தையும் பெற்றுக் கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் வழங்குகின்றது. கூடத்தில் பாட்டியார் தொடர்நாடகம் பார்த்துக்கொண்டிருக்கின்றார். உள்ளறையில் பேரன் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றான். இரண்டும் ஒரே கம்பியின் வழியே நடைபெறுகின்றன. பேரனின் விண்ணப்பம் பாட்டியாரின் நாடகத்தைக் கலைப்பதில்லை; நாடகத்தின் அழுகை விண்ணப்பத்தை நனைப்பதுமில்லை.

இஃது எங்ஙனம் இயலுகின்றது என்று மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. 'இரண்டும் வெவ்வேறு அலைகளில் செல்கின்றன' என்று ஒரு வரியில் விடை கூறிவிடலாம். அவ்விடை பிழையன்று; ஆனால் அது பாதி விடையே. தொலைக்காட்சிக்காகப் போடப்பட்ட கம்பி, கொண்டுவந்து தர மட்டுமே அறிந்த கம்பி. இணையமோ கொண்டுவருவதோடு நில்லாமல், கொண்டுபோகவும் வேண்டுவது. வாங்க மட்டுமே தெரிந்த கம்பிக்குக் கொடுக்கவும் கற்பித்த வரலாறே இதில் சுவையானது. அதனைச் சொல்லவே விரும்புகின்றேன். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஒரு கம்பியில் பல செய்திகளை அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் மிக முந்தியது, தந்தியோடு பிறந்தது. தந்திக்குச் செலவு கருவியில் அன்று, கம்பியில். நூறு கல் தொலைவுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவர்கள், அதில் ஒரு வேளையில் ஒரே செய்திதான், அதுவும் ஒரே திசையில்தான் செல்லும் என்றால் மனம் பொறுப்பார்களா? 1853இல் ஆஸ்திரியத் தந்தித்துறையின் தலைவராயிருந்த வில்ஹெல்ம் கின்டல் என்பவர், ஒரே கம்பியில் இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறையை வியன்னாவுக்கும் பிராகாவுக்கும் இடையே சோதித்துப் பார்த்தார். அதன் கருத்து எளியது. நான் அனுப்பும் மின்னோட்டத்தை என் கருவியிலே இரு கூறாக்கி, ஒன்றை ஒன்று ஈடுசெய்யுமாறு அமைத்துவிட்டால், என் கருவி என் செய்தியால் அசையாது. எதிர்முனையிலிருந்து வருவதால் மட்டுமே அசையும். கருத்து எளிதாயினும் நெடுந்தொலைவில் அது சரிவர இயங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1872இல் பாஸ்டன் நகரத்து ஸ்டெர்ன்ஸ் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1874இல் எடிசன், திசைக்கு இரண்டாக நான்கு செய்திகளை ஒரே கம்பியில் ஏற்றிக் காட்டினார்.

நம் நாடு இதில் பின்தங்கி நிற்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. கல்கத்தாவில் இந்தியத் தந்தித்துறையில் பணியாற்றிய லூயி ஷ்வெண்ட்லர் என்ற ஜெர்மானியர், இரட்டைத் தந்திமுறையின் கணிதத்தை ஆராய்ந்து, 1874இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். கல்கத்தா விலங்குக்காட்சிச் சாலை தோன்ற முன்னின்றவரும் அவரே. ஒரு கம்பியில் இரு செய்தி, ஒரு மனிதரிடத்தில் இரு பணி!

இத்தேடலின் நடுவிலேதான் தொலைபேசி பிறந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் முதலில் தொலைபேசியைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். வெவ்வேறு சுருதிக்கு இசைத்த எஃகு நாக்குகள் பலவற்றை ஒரே கம்பியில் இணைத்தால், ஒவ்வொரு நாக்கும் தன் சுருதிக்குரிய செய்தியை மட்டும் ஏற்று அதிரும். அங்ஙனம் பல தந்திகளை ஒருங்கே அனுப்பலாம் என்று அவர் கருதினார். கோயில் திருவிழாவில் நாதசுரமும் தவிலும் ஒரே காற்றின் வழியே நம் செவிக்கு வருகின்றன. செவி இரண்டையும் பிரித்து அறிகின்றதல்லவா? அதே கருத்துத்தான். 1875 ஜூன் மாதத்தில் ஒரு நாள் எஃகு நாக்கு ஒன்று ஒட்டிக்கொள்ள, துணைவர் வாட்சன் அதனை நெம்ப, அந்த ஓசை மறுமுனையில் பெல்லின் செவியில் விழுந்தது. 1876 மார்ச் 7ஆம் நாள் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் பெயர் தொலைபேசி என்றில்லை. 'தந்தியில் ஒரு திருத்தம்' என்பதே அதன் பெயர்.

சுருதி வேறுபாட்டால் செய்திகளைப் பிரிக்கும் பெல்லின் எண்ணம் அவர் காலத்தில் முழுதும் கைகூடவில்லை. வானொலி வந்த பிறகே அதற்கு வழி பிறந்தது. உங்கள் வீட்டு வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். சென்னை, திருச்சி, புதுச்சேரி என்று நிலையங்கள் பல ஒரே வெளியில் ஒருங்கே பேசுகின்றன. முள்ளைத் திருப்பி ஓர் அதிர்வெண்ணில் நிறுத்துகின்றீர்கள். அந்த நிலையம் மட்டும் கேட்கின்றது. மற்றவை ஓய்ந்துவிடவில்லை, பெட்டி அவற்றை ஏற்கவில்லை, அவ்வளவே. வெட்டவெளியில் செய்யும் இதனை ஒரு கம்பிக்குள் செய்தால் என்ன என்று அமெரிக்கப் படைத்துறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்குவயர் 1910ஆம் ஆண்டளவில் கேட்டார், செய்தும் காட்டினார். வெளியில் பரந்து வீணாகும் அலைகள் கம்பியைப் பற்றிக்கொண்டு சென்றன. கேபிள் தொலைக்காட்சி என்று நாம் சொல்வது இதுதான்: வானலைகளுக்கு ஒரு குழாய்.

ஆனால் சாதாரணக் கம்பியில் உயர்ந்த அதிர்வெண்கள் நெடுந்தூரம் செல்லமாட்டா, கசிந்துவிடும். அதற்கு ஏற்ற குழாய், நடுவில் ஒரு செம்புக் கம்பியும், அதனைச் சூழ்ந்து மின்கடத்தாப் பொருளும், அதற்கு வெளியே உறைபோல் ஓர் உலோகப் பின்னலும் கொண்ட கம்பியாகும். இரண்டு கடத்திகளுக்கும் அச்சு ஒன்றே ஆதலால் இதனை ஓரச்சுக் கம்பி என்பர். உறை உள்ளே செல்வதை வெளியே விடாது. வெளியில் உள்ளதை உள்ளே விடாது. 1880இலேயே ஆலிவர் ஹெவிசைடு இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அகன்ற அலைவரிசை முழுவதையும் ஏற்றிச் செல்லும் பெருவழியாக அதனை வகுத்தவர்கள் எஸ்பென்ஷீடு, ஆஃபெல் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள்; அவர்கள் காப்புரிமை 1931இல் வழங்கப்பெற்றது.

கம்பிவழித் தொலைக்காட்சி மலைநாட்டில் தோன்றியது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஆரிகன் மாநிலங்களில் மலைச்சரிவில் இருந்த சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி அலைகள் எட்டவில்லை. மலையுச்சியில் ஓர் ஆண்டெனாவை நட்டு, அதிலிருந்து கம்பி இழுத்து வீடுதோறும் கொடுத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி விற்ற கடைக்காரர்களே முதலில் இதில் இறங்கினார்கள். படம் தெரியாவிட்டால் பெட்டி விற்குமா? வணிகத்தின் தேவை ஒரு புதிய தொழிலையே ஈன்றது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது 1975 ஆகஸ்டு 15இல் வந்தது. அக்காலத்தில் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் உட்பகுதிகளில் சென்னை நிலையத்தைக் காண்பது ஒரு தவம். (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான்.) உயர்ந்த கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி, பூஸ்டர் ஒன்றையும் மாட்டி, ஒருவர் மாடியில் நின்று அதனைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று கூவிய காலம் அது. கடலோர ஊர்களில், வானிலை ஒத்துழைத்த இரவுகளில், இலங்கையின் ரூபவாகினி சில வேளைகளில் சென்னையை விடத் தெளிவாய்த் தெரிந்தது. 1984ஆம் ஆண்டில் நாடெங்கும் சிற்றாற்றல் நிலையங்கள் பல எழுந்த பின்னரே இத்தொல்லை குறைந்தது.

1980களின் நடுவில் தெருவுக்குத் தெரு ஒரு புதிய தொழிலர் தோன்றினார். வீடியோக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்து, மாலையில் ஒரு திரைப்படம் போட்டுக் காட்டியவர். அவரைத்தான் மக்கள் 'கேபிள்காரர்' என்று அழைத்தார்கள். 1991இல் வளைகுடாப் போரின் காட்சிகளும், அதனை அடுத்து ஸ்டார் தொலைக்காட்சியும் செயற்கைக்கோள் வழியே வந்தபோது, அவர் தம் வீட்டு மாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை நட்டார். 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதன்பின் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கேபிள் பரவிய வேகத்தை எந்த அரசுத் திட்டமும் எட்டியதில்லை என்பது என் கருத்து. பொறியியற் பட்டம் பெற்றவர் அவர்களுள் அரியர். வானொலி பழுதுபார்த்தவர், மின்கம்பி வேலை செய்தவர், வாடகைக்கு வீடியோ கொடுத்தவர் ஆகியோரே பெரும்பாலோர். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டிய இடம் தலைமை அஞ்சலகம். கடிதம் சேர்ப்பவரிடமே காட்சி சேர்ப்பவரும் பதிந்துகொண்டார். 2025 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டு, அப்பதிவு மைய அரசின் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் வரையில் இம்முறையே நடந்தது. நாட்டின் தொடர்பியல் வரலாற்றை எழுதுவோர் இத்தொழிலருக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்க வேண்டும்; இதுவரை ஒதுக்கியவர் மிகச் சிலர்.

அவர்கள் போட்ட கம்பியின் இயல்பைக் காண்போம். ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். மதகு திறந்தால் நீர் பெருவாய்க்காலில் இறங்கி, கிளைவாய்க்கால்களில் பிரிந்து, வயல்களுக்குப் பாய்கின்றது. வயலிலிருந்து ஏரிக்கு நீர் திரும்புவதில்லை. திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. கேபிள் வலையும் அத்தகையதே. தலைமையிடத்தில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து, கம்பியில் ஏற்றினார்கள். போகப் போக வலிமை குன்றும். ஆகவே கம்பங்களில் இடையிடையே பெருக்கிகளை வைத்தார்கள். பெருக்கி என்பது ஒரு திசைக் கதவு. வருவதைப் பெருக்கி முன்னே தள்ளும். வீட்டிலிருந்து ஏதேனும் திரும்பி வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

சட்டமும் இவ்வியல்பையே பற்றி நின்றது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, கேபிள் நடத்துவோர் அளிக்கும் ஊடகச் சேவையை 'பெரும்பாலும் ஒருவழிப்பட்டது, பொழுதுபோக்கைச் சார்ந்தது' என்ற கருத்தில் வரையறுத்தது. இருவழிப் பேச்சும் தரவும் அளிக்க விரும்பினால் வேறு உரிமம் வேண்டும். 2001இல் தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு, இணையம் மூன்றையும் ஒரே குடையின்கீழ்க் கொணர ஒரு மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது, நிறைவேறாமலே போயிற்று. ஆக, கம்பியும் ஒருவழி, சட்டமும் ஒருவழி. ஊரார் பார்க்கலாம், கேட்கலாம். மறுமொழி கூற இயலாது.

இங்கே, கம்பியே இல்லாத ஓர் அண்டைச் சான்றைக் கூற விரும்புகின்றேன். கண்டாச்சிபுரத்திலிருந்து கிழக்கே, புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில், 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அப்போது அவ்வூர்ப்புறங்களில் நல்ல தொலைபேசிக் கம்பி கிடைப்பதே அரிது. ஆகவே காவல்துறையினர் பயன்படுத்துவது போன்ற வானொலித் தொடர்புக் கருவிகளை ஊர்தோறும் வைத்து, அதே இணைப்பில் பேச்சையும் கணிப்பொறித் தரவையும் அனுப்பினார்கள். வில்லியனூரில் செய்தி திரட்டப்பட்டு, தமிழில் ஆக்கப்பட்டு, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களுக்குச் சென்றது. வீராம்பட்டினத்து மீனவர்க்கு எது வேண்டும்? அன்றைய அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அந்த முன்னறிவிப்பை எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தார்கள். இம்முயற்சி தொடங்கும் முன் ஊராரின் தேவை என்ன என்று கேட்டறிந்தார்கள் என்பதும், கேட்டதற்கு விடை திரும்பிச் செல்ல வழி வைத்தார்கள் என்பதும் நம் பொருளுக்கு உரியன. இருவழித் தொடர்பு நகரத்தாரின் வசதி மட்டும் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மீண்டும் கம்பிக்கு வருவோம். ஏரியிலிருந்து வயலுக்குப் பாயும் வாய்க்காலிலே, வயலிலிருந்து ஏரிக்கும் ஏதேனும் அனுப்ப வேண்டுமானால் என் செய்வது? முதலில் கண்ட வழி வேடிக்கையானது. இணையத்திலிருந்து வருவது கேபிள் கம்பியில் வரட்டும். வீட்டிலிருந்து போவது தொலைபேசிக் கம்பியில் போகட்டும் என்று அமெரிக்காவில் சில இடங்களில் ஏற்பாடு செய்தார்கள். வாசல் வழி வந்து கொல்லை வழி போவது போன்றது. அது நிலைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ரூஸ்பே யாசினி என்பவரின் நிறுவனம் கேபிள் கம்பியிலேயே இருவழியும் செல்லும் மோடங்களை ஆக்கியது. 1997இல் அமெரிக்கக் கேபிள் நிறுவனங்களின் ஆய்வுக்கூடம், எல்லா நிறுவனத்தாரின் மோடங்களும் ஒத்து இயங்குவதற்கான பொது இலக்கணம் ஒன்றை வெளியிட்டது. அதற்கு டாக்சிஸ் என்று பெயர்.

அவ்விலக்கணத்தின் உட்கருத்து இது. கம்பியின் அலைப்பரப்பு முழுவதையும் ஒரு நெடிய நிலமாகக் கொள்ளுங்கள். அடியில் ஒரு சிறு பாத்தியை, அமெரிக்காவில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையும், ஐரோப்பிய முறையில் 5 முதல் 65 வரையும், வீட்டிலிருந்து போகும் செய்திக்கு விட்டுவிட்டார்கள். அதற்கு மேலுள்ள பெரும்பரப்பில் தொலைக்காட்சிகள் வழக்கம்போல் வந்தன. அவற்றிடையே ஒன்றிரண்டு அலைவரிசைகளின் இடத்தில் நாடகத்துக்குப் பதிலாக இணையத் தரவு வந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு அவ்விடம் வெற்றிடம். மோடத்துக்கு அதுவே உணவு. தெருவெங்கும் உள்ள பெருக்கிகளை மட்டும் மாற்ற வேண்டும்: மேலலைகளை முன்னேயும் கீழலைகளைப் பின்னேயும் தள்ளும் இருதிசைப் பெருக்கிகளாக.

ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. கீழே வருவதை எல்லா வீடும் ஒருங்கே கேட்கலாம், தீங்கில்லை. ஆனால் நூறு வீடுகள் ஒரே நேரத்தில் மேலே பேசத் தொடங்கினால் கூச்சலே மிஞ்சும். இதற்குக் கண்ட தீர்வு நம் உழவர்க்குப் புதிதன்று. ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி என்பவர் இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்து விடுவதில்லையா? அதுபோல் தலைமையிடத்துக் கருவி ஒவ்வொரு மோடத்துக்கும் நொடியின் மிகச்சிறு கூறு ஒன்றை ஒதுக்கிக் கொடுக்கின்றது. முறை வந்தபோது பேச வேண்டும். வராதபோது வாய்மூடி இருக்க வேண்டும். நொடிக்குப் பல நூறு முறை இது சுழல்வதால், வீட்டில் இருப்பவர் தாம் வரிசையில் நிற்பதையே அறியார்.

சென்னை போன்ற பெருநகரங்களில் 2000த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹாத்வே முதலிய நிறுவனங்கள் இம்முறையில் இணையம் அளித்தன. 2004இல் மைய அரசின் அகலப்பாட்டைக் கொள்கையும் கேபிள் வலையை அதற்குப் பயன்படுத்தலாம் என்று கூறியது. அக்கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அகலப்பாட்டையின் தகுதி. இன்றைய மாணவர் அதனைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் சிற்றூர்களுக்கு இம்முறை பெரும்பாலும் எட்டவில்லை. காரணம் வறுமை மட்டுமன்று, கம்பியின் நிலை. ஒவ்வொரு வீட்டிலும் தளர்ந்த ஓர் இணைப்பு, அறுந்த ஓர் உறை, அதன் வழியே நுழையும் மிக்சியின் மின்னிரைச்சல் என எல்லாம் கீழலைப் பாத்தியில் சேர்ந்து, மேலே செல்லச் செல்லக் கூடி, தலைமையிடத்தில் பேரிரைச்சலாய் முடிந்தன. வீட்டுக்கு வரும் படத்தை அண்டை வீட்டாரின் இரைச்சல் கெடுக்கவில்லை; வீட்டிலிருந்து போகும் சொல்லை ஊரெல்லாம் சேர்ந்து கெடுத்தது. கல்யாணக் கூடத்தில் மேடையில் பாடுவது எல்லார்க்கும் கேட்கும்; கூட்டத்தில் ஒருவர் சொல்வது மேடைக்குக் கேட்காது.

ஆதலின் ஊர்ப்புறத்தில் 2005க்குப் பின் இணையம் முதலில் பங்கிட்டுக்கொண்டது தொலைபேசிக் கம்பியைத்தான். பி.எஸ்.என்.எல். அளித்த சேவையில், பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் தரவு அதற்கு மேலேயும் சென்றன. இரண்டையும் பிரிக்க ஒரு சிறு ஸ்ப்ளிட்டர் பெட்டி. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடினால் வேகம் குறைந்தது.

இடையில் கேபிள் தொலைக்காட்சியும் மாறியது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் பதிவு பெற்றது. 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை அளித்தது. 2011இல் திருத்தப்பட்ட சட்டம் கேபிளை இலக்கமுறைக்கு மாறச் சொல்லியது. அரசு நிறுவனத்துக்கு அதற்குரிய உரிமம் 2017 ஏப்ரலில் கிடைக்க, அவ்வாண்டு செப்டம்பரில் செட்டாப் பெட்டிகள் விலையின்றி வழங்கப்படலாயின. இதனால் நம் பொருளுக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டு. முன்பு ஒரே நிகழ்ச்சி அடைத்துக்கொண்ட இடத்தில் இப்போது பத்து நிகழ்ச்சிகளுக்கு மேல் அடங்கின. கம்பியில் இடம் மிஞ்சியது.

அதற்குள் கம்பியே மாறிக்கொண்டிருந்தது. செம்பு போய்க் கண்ணாடி வந்தது. 1966இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சீன அறிஞர் சார்லஸ் காவ், தம் உடனாய்வாளர் ஹாக்கமுடன், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை அதன் வழியே நெடுந்தூரம் அனுப்பலாம் என்று எழுதினார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பது அவர் வைத்த இலக்கு. 1970இல் கார்னிங் நிறுவனம் அதனைக் கடந்தது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பின்னும் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி எஞ்சுகின்றது. காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. தலைமயிர் அளவே பருமனுள்ள அவ்விழையின் நடுவே, ஒளி செல்லும் பகுதி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அவ்விழையில் மூன்று ஒளிகள் செல்கின்றன. தொலைக்காட்சி 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகின்றது. இணையம் 1490இல் வருகின்றது. வீட்டிலிருந்து போவது 1310இல் போகின்றது. இவற்றை மூன்று நிறங்கள் எனலாம். ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத நிறங்கள். (கண்ணுக்குத் தெரியவில்லையே என்று அறுந்த இழையின் முனையை உற்றுப் பார்க்கலாகாது, விழித்திரைக்கு ஊறு நேரும்.) தொலைக்காட்சிக்கு 1550 ஏன்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பிரிந்து சென்ற பிறகும் படம் தெளிவாயிருக்க, ஒளி மிக வலிதாய் இருத்தல் வேண்டும். 1987இல் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னும், பெல் ஆய்வுக்கூடத்தில் எம்மானுவேல் தெசுர்வீரும், எர்பியம் என்ற தனிமத்தைக் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் வழியைக் கண்டனர். அப்பெருக்கி செவ்வனே வேலை செய்வது 1550ஐச் சூழ்ந்த பகுதியிலேயே. ஆகவே பெருக்க வேண்டிய பொருளுக்கு அந்த இடம் வாய்த்தது.

கேபிள்காரரின் அறையில் இம்மூன்றும் ஓர் இழையில் கலக்கின்றன. தெருவில் ஒரு சிறு ஸ்ப்ளிட்டர் அதனை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கின்றது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. தெருவில் இருந்த பழைய பெருக்கிகள் மறைந்தன. அவற்றோடு அந்த ஒருதிசைக் கதவும் மறைந்தது. கண்ணாடியில் மின்னிரைச்சல் நுழைவதில்லை, ஊர்க்கூச்சலும் ஓய்ந்தது. முறைவைக்கும் ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கின்றது: 1310இல் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே பேசுகின்றன. வீட்டிலுள்ள கையகலப் பெட்டி 1550ஐப் பிரித்துப் பழைய ஓரச்சுக் கம்பியில் இட்டுத் தொலைக்காட்சிக்கு அனுப்புகின்றது, 1490ஐ இணையமாக்குகின்றது. பெருநகரத்துக் கேபிள் மோடத்தைத் தவறவிட்ட சிற்றூர்கள், அதனைத் தாண்டி ஒரே எட்டில் இழைக்கு வந்துவிட்டன.

இவ்விரு வழிகளின் வேறுபாட்டை மாணவர் தம் வாழ்விலேயே கண்டனர். 2019 ஆகஸ்டு 26இல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020இல் கொள்ளைநோய் பரவிப் பள்ளிகள் மூடியபோது, பாடங்கள் அதன் வழியே வந்தன. கேபிள் உள்ள வீட்டுக் குழந்தைகள் எல்லார்க்கும் எட்டிய பாடம் அது. அதன் பெருமை குறைவன்று. ஆனால் ஆசிரியர் கணக்கைச் செய்து காட்டும்போது, மூன்றாவது வரி விளங்கவில்லை என்றால், அவரை நிறுத்திக் கேட்க முடியாது. இணையம் வாய்த்த வீட்டுப் பிள்ளை கையை உயர்த்திக் கேட்டான். ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே இழையில், ஒரு நிறத்தில் வந்த பாடம் கேட்பதற்கு மட்டும். இன்னொரு நிறத்தில் வந்த பாடம் கேள்வி கேட்பதற்கும். இரண்டாம் நிறத்துக்கு மாதக் கட்டணம் வேறு. தொழில்நுட்பம் தீர்த்துவிட்ட இடரைப் பணம் மீண்டும் எழுப்புகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பணிக்காக 2018இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவது ஒன்று. அங்கிருந்து கடைசித் தெருவின் கடைசி வீடு வரை அதனைக் கொண்டு செல்வது மற்றொன்று. பல ஊர்களில் அப்பின்னதைச் செய்பவர் அந்தப் பழைய கேபிள்காரரே.

ஒரு கம்பியில் இரு பணி என்பதற்கு மறுபுறமும் உண்டு. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புர மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. அத்தகைய நாளில் ஒரு மரம் சாய்ந்து ஓர் இழை அறுந்தால், தெருவுக்குத் தொலைக்காட்சியும் இல்லை, இணையமும் இல்லை. அப்போது மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றே பேசும். வானொலிக்கு வேண்டிய கம்பி அதன் ஆண்டெனா மட்டுமே.

அறுந்த இழையை ஒட்டும் வேலையைப் பார்ப்பவர்க்கு வியப்புத் தோன்றும். செம்பைப்போல் முறுக்கிக் கட்ட முடியாது. கம்பியின் கரிய உறையை உரித்தால் உள்ளே நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு என்று நிறம் பூசிய பன்னிரண்டு இழைகள் வரிசையாய் இருக்கும். நீலத்தை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும் சேர்க்க வேண்டும். பூச்சைச் சுரண்டி, சாராயத்தால் துடைத்து, முனையைச் செங்குத்தாய் வெட்டி, சிறு கருவியில் இரு முனைகளையும் எதிரெதிரே வைத்தால், ஒரு மின்பொறி அவற்றை உருக்கி ஒன்றாக்குகின்றது. பின்னர் வீட்டுக்குச் சென்று அளவியை இழைமுனையில் பொருத்தி, 1490 வந்துவிட்டதா, 1550 வந்துவிட்டதா என்று பார்க்கின்றார். 1310ஐ அங்கே அளக்க இயலாது. அது அவ்வீட்டிலிருந்து புறப்படுவது. இழையைப் பெட்டியில் செருகிவிட்டுக் காத்திருக்கின்றார். சிறு விளக்கொன்று சிறிது நேரம் மின்னி மின்னி அணைகின்றது. பிறகு பச்சையாக நிலைத்து நிற்கின்றது. அவ்வீட்டின் குரல் மறுமுனையில் கேட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.